திங்கட்கிழமை ஓசிப் படம்

"இந்த வருஷம் மொத்தம் பதினாறு பெரிய படம், நெனிதா! பதினாறும் ஓசி!"

டெல்ஃபின் சாப்பாட்டு மேஜையில் காலண்டரை விரித்து வைத்து, சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

போன மாதம்தான் ஷூ ஃபேக்டரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். வரும் வெள்ளிக்கிழமை அறுபது. அறுபது ஆனால் மூத்த குடிமக்கள் கார்டு. கார்டு இருந்தால் அவர்கள் ஊரான மரிக்கினாவின் தியேட்டர்களில் திங்கட்கிழமைதோறும் இலவசம். மனிதருக்குத் தரையில் கால் பாவவில்லை.

"மார்ச்சுல எரிமலைக்குள்ள கார் ரேஸ். மே மாசம் ராட்சச நண்டு, மணிலா பாலத்தையே ரெண்டாக் கிள்ளிப் போடுதாம். ஜூலையில..."

"சோறு ஆறுது" என்று மனைவி நெனிதா கருவாட்டுத் தட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"ஜூலையில செத்துப்போன உளவாளி திரும்ப வர்றான்!"

"போன வருஷமும் அவன்தானே செத்தான்?"

"அது அவன் தம்பி."

நெனிதா சிரிக்கவில்லை. "பதினாறுக்கும் நீ தனியாவா போவே?" என்றாள்.

முப்பத்தேழு வருஷத்தில் இருவரும் சேர்ந்து பார்க்காத படம் ஒன்றுகூட இல்லை. புதுப்படம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை ஜோடியாக டிக்கெட் எடுத்துவிடுவார்கள். பேய் வந்தால் அவள் அவர் கையைக் கிள்ளுவாள். அழுகைக் காட்சி வந்தால் அவர் அவளுடைய கைக்குட்டையைப் பிடுங்குவார்.

"என்ன செய்யறது தங்கம்? உனக்கு அம்பத்தெட்டுதானே ஆகுது? இன்னும் ரெண்டு வருஷம் பொறு. நான் பாத்துட்டு வந்து கதை சொல்றேன். கிறிஸ்துமஸ் விழாப் படத்துக்கு மட்டும் கார்டு செல்லாது. அதுக்கு நீயும் வா, டிக்கெட் எடுக்கறேன்."

"ரொம்பப் பெரிய மனசுய்யா உனக்கு."

டெல்ஃபின் அந்தச் சந்தோஷத்தைத் தெரு முழுக்கப் பரப்பிவிட்டுத்தான் ஓய்ந்தார். பக்கத்து வீட்டு டிரைசிக்கிள் ஓட்டுநர் ஓபெத் ஒருத்தன்தான் முகத்துக்கு நேரே கேட்டான்.

"ஏண்ணே, அண்ணிய வீட்டுல உக்கார வெச்சிட்டுப் போக உனக்கு மனசு வருதா?"

"உனக்குப் பொறாமைடா. கார்டு வாங்க இன்னும் இருபது வருஷம் கெடக்கில்ல!"

வெள்ளிக்கிழமை பிறந்தநாள் நூடுல்ஸை நெனிதா, ஆயுசு நீளட்டும் என்று, ஒரு இழை அறுபடாமல் நீளநீளமாகச் செய்து வைத்தாள். பேச்சுதான் ரொம்பக் குறைந்திருந்தது. டெல்ஃபின் அதைக் கவனிக்கவில்லை. அள்ளிப் போட்டுக்கொண்டு கார்டு தரும் அலுவலகத்துக்கு ஓடினார்.

கவுன்டரில் இருந்த பெண் சிரித்த முகமாக இருந்தாள்.

"பிறந்தநாள் வாழ்த்துகள் ஐயா. இந்தாங்க கார்டு. இது மருந்துக்கடை நோட்டு, இது சினிமா நோட்டு. ஒவ்வொரு படத்துக்கும் தியேட்டர்ல இதுல முத்திரை குத்துவாங்க." பேசிக்கொண்டே கம்ப்யூட்டரைப் பார்த்தவள் நிறுத்தினாள். "உங்க வீட்டு விலாசத்துல ஏற்கெனவே ஒரு கார்டு இருக்கே. நெனிதான்னு... உங்க அக்காவா?"

"என் பொண்டாட்டிம்மா! அவளுக்கு ஏது கார்டு? அம்பத்தெட்டுதான் ஆகுது."

"அறுபத்திரண்டு ஐயா. ரெண்டு வருஷமா கார்டு வெச்சிருக்காங்க."

டெல்ஃபின் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். கல்யாணத்துக்கு முன்னால் அவள் சொன்ன வயதுதான் அவருக்குத் தெரியும். அவள் ஊர்ப் பதிவேடெல்லாம் புயலில் போய்விட்டது என்று சொல்லியிருந்தாள். புயல் என்ற பிறகு அதற்கு மேல் என்ன கேட்பது?

அதிர்ச்சி அடங்கியதும் ஆத்திரம் வந்தது.

"ரெண்டு வருஷம்! என்னை வேலைக்கு அனுப்பிட்டு, ஒவ்வொரு திங்கட்கிழமையும் தனியா ஓசிப் படம் பாத்திருக்கா! கள்ளி! ஞாயித்துக்கிழமை என்கூட வந்து ஒண்ணும் தெரியாத மாதிரி 'ஐயோ ஐயோ'ன்னு கத்தினாளே!"

"கோவப்படாதீங்க ஐயா. நோட்டைப் புதுப்பிக்கணும்னு நேத்துதான் குடுத்துட்டுப் போனாங்க. நீங்களே பாருங்க."

மருந்து நோட்டைப் புரட்டினார். பிரஷர் மாத்திரை, பிரஷர் மாத்திரை என்று கடைசிப் பக்கம்வரை நிரம்பியிருந்தது.

சினிமா நோட்டைப் புரட்டினார். முதல் பக்கம் வெள்ளை. அடுத்ததும் வெள்ளை. கடைசிவரை ஒரு முத்திரைகூட இல்லை.

"நான்கூடக் கேட்டேன், ஏம்மா ஒரு படம்கூடப் பாக்கலைன்னு" என்றாள் அந்தப் பெண். "பக்கத்து சீட்டுல அவரு இல்லாம எனக்குப் படம் பாக்கவே வராதும்மான்னாங்க."

டெல்ஃபினுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. ஒரு மாதமாகத் தான் போட்ட ஆட்டத்தை நினைக்க வெட்கமாக இருந்தது.

"நான் இதப் பாத்ததா அவகிட்ட மட்டும் சொல்லிடாதேம்மா" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். தன் கார்டைச் சாக்ஸுக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

நெனிதா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"கெடைச்சிடுச்சா உன் கார்டு?" அவர் முகத்தைப் பார்க்காமல்தான் கேட்டாள்.

"எங்கே கெடைக்க! என் பிறப்புச் சான்றிதழ்ல வருஷத்தைத் தப்பா எழுதித் தொலைச்சிருக்காங்களாம். எனக்கும் இப்பத்தான் அம்பத்தெட்டாம் நெனிதா. ரெண்டு வருஷம் கழிச்சு ஜோடியா வந்து வாங்கிக்கங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க!"