பாணிக்கு ஒரு பெரட்டு

"ஊக்கு, ஹேர்பின், போன் எல்லாத்தையும் இந்த மேசையில வச்சுட்டு வாங்க அக்கா. உள்ள இருக்கிறது பெரிய காந்தம்."

"ஊக்கைக் கழட்டினா சேலை நிக்காது தம்பி. போனை வைக்கிறேன். நான் வாசல்லயே நிக்கிறேன். ஆனா உங்க கை ரெண்டும் எனக்குத் தெரியணும்," என்றாள் பிரேமலதா.

தெஹியோவிட்ட தோட்டத்திலிருந்து பஸ் மாறி இரத்தினபுரிக்கு வந்தவள், காலையிலிருந்து இந்த உணவு ஆய்வுகூடத்தில் காத்திருந்தாள். "போத்தலைக் குடுத்துட்டுப் போங்க, பாத்து வைக்கிறோம்" என்று முதலில் வந்தவர் கேட்டபோது கொடுக்கவில்லை. அடுத்து வந்த பெண்ணிடமும் கொடுக்கவில்லை. மூன்றாவதாக வந்த இந்த இளைஞனின் கோட்டில் இந்திரகுமார் என்ற பெயரைப் படித்த பிறகுதான் எழுந்தாள்.

பத்திரிகைத் தாளைப் பிரித்துப் போத்தலை நீட்டினாள். சீல் உடையாத கித்துள் பாணி, கித்துள் பனையின் பூவிலிருந்து இறக்கிக் காய்ச்சிய பாகு.

"இதுல சீனி கலந்திருக்கா இல்லையான்னு தெரியணும்."

இந்திரகுமார் லேபிளைப் படித்தான். இன்னொரு முறை படித்தான். "ஓப்பநாயக்கவுல வாங்கினதா?"

"ஆமா. கடை வாசல்ல 'சுத்தமான கித்துள் பாணி'ன்னு ஆள் உயரத்துக்குப் போர்ட். அந்த வீட்டுலதான் எங்க தங்கச்சியைக் கேக்குறாங்க. ஞாயித்துக்கிழமை பதில் சொல்லணும்."

"பாணியைப் பாத்தா சம்பந்தம் பேசுவாங்க? நாலு பேர்கிட்ட விசாரிக்கலாமே."

"விசாரிச்சுத்தான் என்னையும் குடுத்தாங்க. தோட்டமே நல்ல பையன்னுச்சு. ரெண்டாவது மாசம் என் தாலிக்கொடி அடகுக் கடையில இருந்துச்சு. அப்பா அம்மா இல்லாம நான் வளத்த புள்ள தம்பி அவ. ஊர் வாயை நம்பி இன்னொரு தடவை ஏமாற மாட்டேன்."

அவன் போத்தலின் சீலை உடைத்தான். சில துளி பாணியை ஒரு திரவத்தில் கரைத்து, பென்சிலை விட மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஏற்றினான். பக்கத்துத் தட்டில் அதே நிறத்தில் இன்னொரு குழாய் இருந்தது.

"அது என்ன?"

"சுத்தமான பாணி. மரத்தடியில நின்னு நானே வாங்கிட்டு வந்தது. ஒப்பிட்டுப் பாக்க வேணும்ல."

இரண்டையும் மாற்றி வைத்தால் கடவுளுக்குக்கூடத் தெரியாது. பிரேமலதா கண்ணிமைக்காமல் அவன் கையையே பார்த்தாள்.

"இந்தப் பெரிய காந்த டாங்கி எப்படிக் கண்டுபிடிக்கும்?"

அவன் முகம் முதல் தடவையாக மலர்ந்தது. "காலைல தோட்டத்துப் பெரட்டுல ஆளுங்களை வரிசையா நிக்க வச்சுப் பேர் கூப்புடுவாங்கல்ல அக்கா? அதேதான். பாணிக்குள்ள கோடிக்கணக்கான ஐதரசன் அணு இருக்கு. காந்தம் அதுங்களை வரிசையில நிக்க வைக்கும். அப்புறம் ரேடியோ அலை பேர் கூப்புடும். ஒவ்வொன்னும் அது அது குரல்ல 'இருக்கேன்'னு சொல்லும். அந்தக் குரல்தான் திரையில கோடு கோடா வரும்."

"சீனி பொய்க் குரல் குடுத்தா?"

"நல்ல கேள்வி. கடைச் சீனியும் கித்துள்ள இருக்கிற சீனியும் ஒரே குரல்தான். அங்க பிடிக்க ஏலாது. ஆனா பூவிலிருந்து இறக்கின பாணி தனியா வராது. சின்னச் சின்ன அமிலம், சத்து எல்லாம் கூட்டாளியா வரும். கடைச் சீனிக்குக் கூட்டாளி இல்ல. கலந்தா சீனிக் குரல் ஓங்கும், கூட்டாளிங்க குரல் அமுங்கிடும்."

குழாய்கள் ஒவ்வொன்றாக உள்ளே இறங்கின. சற்று நேரத்தில் திரையில் இரண்டு படங்கள், மேலே சுத்தமான பாணியும் கீழே போத்தல் பாணியுமாக வந்தன. மேல் படத்தில் நெடிய கோடுகளின் காலடியில் குட்டிக் கோடுகள் புல் முளைத்ததுபோல் நின்றன. கீழ்ப் படத்தில் அந்தப் புல் பாதி கருகியிருந்தது.

இந்திரகுமார் கதிரையில் சாய்ந்தான். "இருங்க, இன்னொரு தடவை பாக்குறேன்." புதிதாக இன்னொரு குழாயை நிரப்பினான். மறுபடியும் அதே படம்.

"சொல்லுங்க தம்பி. சுத்தம்னு சொன்னீங்கன்னா தங்கச்சியைக் குடுக்கிறோம். இல்லைன்னா இல்ல. எனக்கு இந்தக் கோடு ஒன்னும் விளங்காது. நீங்க சொல்றதுதான்."

அவன் திரையைப் பார்த்தான், போத்தலைப் பார்த்தான். 

"சீனி கலந்திருக்கு அக்கா. மூணுல ஒரு பங்காவது இருக்கும்."

"காய்ச்சும்போது தானா வந்திருக்குமோ?"

"தானா வராது. யாரோ ஊத்தினது."

"மெசின்ல பிழை இருந்தா?"

"அதுக்குத்தான் ரெண்டு தடவை பாத்தேன்." அவன் எழுந்து நேராக நின்றான். "அந்த வீட்டுக்காரங்க யார் சொன்னதுன்னு கேட்டா என் பேரையே சொல்லுங்க. ஒளிக்க வேணாம்."

"நல்லது தம்பி," என்று பிரேமலதா வெளி மேசைக்கு வந்து போனை எடுத்தாள். மிச்சப் பாணியோடு போத்தலைக் கொடுக்கப் பின்னாலேயே வந்த இந்திரகுமார், அவள் பேசி முடிக்கட்டும் என்று ஓரமாக நின்றான்.

"ஷாமிளா, அக்காதான். பாணியில சீனிதான்டி," என்றவள் திரும்பி அவனை நிமிர்ந்து பார்த்தாள். "ஆனா ஞாயித்துக்கிழமை அவங்களை வரச் சொல்லிடுவோம். தன் அப்பா கடைப் பாணின்னு தெரிஞ்சும், பொண்ணு கிடைக்காதுன்னு தெரிஞ்சும், கலப்படம்னு மாப்பிள்ளையே என்கிட்ட வாயால சொல்லிட்டாரு."