கைமாறிய வாட்ச்

வீட்டுக் கதவு குணசீலனின் விரலை ஏற்கவில்லை. "இவர் இன்று காலை 7.42-க்கு இறந்துவிட்டார்" என்றது. பதறிப்போய்க் கதவைத் தட்டினான். அழுதபடி திறந்த மனைவி மங்கை, அவனைக் கண்டு அலறினாள்.

"உங்க நெஞ்சு நின்னுடுச்சுன்னு வாட்ச் சொல்லிச்சுங்க! சாவுன்னு பதிவும் பண்ணிடுச்சு!"

ஐம்பது வயதில் சைக்கிள் பைத்தியம் பிடித்தவன் குணசீலன். இன்று கோவளத்தில் முட்டி வலித்தது. இந்த மாத இலக்கில் இன்னும் நாற்பது கிலோமீட்டர் பாக்கி. தன் வாட்சை நண்பன் தணிகாசலத்தின் கையில் கட்டி, மீதியை ஓட்ட அனுப்பினான். தணிகாசலத்தின் வாட்சைக் கழற்றி வைத்தால் அவன் வீட்டுக்குத் தகவல் போய்விடும் என்பதால், அதைத் தன் கையில் கட்டிக்கொண்டு வேனில் திரும்பினான்.

இப்போது அது மணிக்கட்டில் அதிர்ந்தது. தணிகாசலத்தின் மனைவி அதில் பேசினாள்.

"என்னங்க, நெஞ்சு ஏன் இப்படி அடிச்சுக்குது? மெதுவா மிதிங்க."