ஒரு மணி நேரத்தில் மாற்று ஆள்

"கண்ணு எங்கம்மா இருக்கு உனக்கு? குழந்தைங்க மருந்தைக் கொண்டுபோய்ப் பெரியவங்க பெட்டியில அடுக்கியிருக்க! யாராவது மாத்திக் குடிச்சுத் தொலைச்சா நானா ஜெயிலுக்குப் போறது?"

மேற்பார்வையாளர் போட்ட சத்தத்தில், லேபிள் ஒட்டும் மெஷினை யாரோ பயந்துபோய் நிறுத்தியே விட்டார்கள்.

"காலையில அப்படித்தான் சொல்லி அனுப்பினாங்க." அந்தப் பெண்ணும் குரலை இறக்கவில்லை.

"எவன் சொன்னான்? சொன்னவனைக் கூட்டிட்டு வா!"

சொன்னவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

கோட்டுக்காரர். கொளுத்துகிற வெயிலிலும் கோட்டைக் கழற்றாததால் எங்கள் தெரு வைத்த பெயர். தையல் கடை மாடியில் ஒரு அறை, ஒரு போன், சுவரில் ஒரு உலகப் படம். அவ்வளவுதான் அவருடைய ஆள் அனுப்பும் கம்பெனி. எந்தத் தொழிற்சாலையில் ஆள் குறைந்தாலும், ஒரு நாளைக்கோ ஒரு வாரத்துக்கோ ஆள் அனுப்புவார். உலகப் படம் எதற்கு என்று கேட்டால் சிரிப்பார். நாங்களும் சிரிப்போம், அவர் தலை மறைந்த பிறகு.

அன்றைக்கு அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு வெளிநாட்டுக்காரர்கள். பல நாடுகளில் ஆள் அனுப்புகிற பெரிய கம்பெனி. இவரைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ளலாமா என்று, இவருடைய ஆட்கள் வேலை செய்கிற அழகை நேரில் பார்க்க வந்திருந்தார்கள்.

பார்த்த முதல் அழகு இது. பாஷை புரியாவிட்டாலும் சண்டை புரியாதா என்ன?

சிவப்பு லேபிள் ஒட்டிய குழந்தை மருந்தைப் பெரியவர்கள் பெட்டிக்கு என்று காலை அவசரத்தில் மாற்றிச் சொன்னது அவர்தான். அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

தப்பு என்னுது. இரண்டே வார்த்தை. தொண்டை வரை வந்துவிட்டது.

தொப்பி, முகமூடி, கணுக்கால் வரை வெள்ளை அங்கி. அவளிடம் கண்கள் மட்டும்தான் தெரிந்தன. அவை அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. இவர் இப்போது வாயைத் திறப்பார் என்று நம்பிய கண்கள்.

வாயைத் திறக்கத்தான் செய்தார்.

"நீ கெளம்பும்மா. இந்த மாதிரி ஆள் எங்களுக்கு வேண்டாம். சார், ஒரு மணி நேரத்துல வேற நல்ல ஆள் வந்துரும். இது எங்க கம்பெனி வாக்கு."

அந்த நிமிஷம் வரை அந்தக் கம்பெனிக்கு அப்படியொரு வாக்கே கிடையாது. வெளிநாட்டுக்காரர்களுக்கும் அவர்கள் பாஷையில் அதையே சொன்னார். அவர்கள் புருவத்தை உயர்த்தினார்கள்.

அவள் கழுத்தில் தொங்கிய அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அது அவள் அட்டைகூட இல்லை. வேலைக்கு வராமல் போன ஒருத்தியின் அட்டை. ஆள் குறைகிற நாளில் கையில் அகப்பட்ட கழுத்தில் அதை மாட்டி அனுப்பிவிடுவது அவர் வழக்கம்.

விருந்தாளிகள் டீ குடித்தார்கள். கோட்டுக்காரர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆள் எங்கிருந்து வரும்? இருந்த ஆட்களெல்லாம் வெவ்வேறு இடத்தில் வேலையில். போன் செய்தால் எடுக்க ஆபீசில் நாதியில்லை.

ஆனால் ஆள் வந்துவிட்டது. சொன்ன நேரத்துக்கு முன்பே.

அதே தொப்பி, அதே முகமூடி, வேறு அட்டை. யாரிடமும் எதுவும் கேட்காமல், தப்பாக அடுக்கிய பெட்டிகளை இழுத்துவைத்துப் பிரித்து, புட்டிகளை மளமளவென்று மாற்றி அடுக்க ஆரம்பித்தாள்.

"இது ஆளு!" என்றார் மேற்பார்வையாளர். "முன்னாடி ஒண்ணு வந்துச்சே, அதுவும் இருக்கே!"

வெளிநாட்டுக்காரர்கள் கோட்டுக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அந்தப் பெண்ணிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லச் சொன்னார்கள்.

அவர் பக்கத்தில் போய்க் குனிந்தார். கண்களைப் பார்த்தார். கோட்டுக்குள் முதுகு நனைந்துபோனது.

"நல்லா செய்யறம்மா."

அவள் கை நிற்கவில்லை. அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"வீட்டுச் சாவியை எதிர்வீட்டுல குடுத்திருக்கேன். என் துணிமணி மட்டும்தான் எடுத்திருக்கேன். ஷிப்ட் முடிஞ்சதும் தம்பி வீட்டுக்குப் போறேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு நீங்களே ஒரு ஆளைப் பாத்துக்குங்க."

என்ன சொல்கிறாள் என்று விருந்தாளிகள் ஆவலோடு கேட்டார்கள்.

"நன்றி சொல்றா" என்று மொழிபெயர்த்தார் அவள் புருஷன்.

சாவி எங்கள் வீட்டில்தான் இருந்தது. வாங்கிப் போக வந்தவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று, கோட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவைத்தோம்.

இன்று அந்தக் கம்பெனி கால் வைக்காத நாட்டைத் தேடத்தான் வேண்டும். ஒரு மணி நேர வாக்கு ஒவ்வொரு ஆபீஸ் வரவேற்பறையிலும் விளக்குப் போட்டு மின்னுகிறது. திறப்பு விழா எதுவானாலும் அவர் அந்தக் கதையைச் சொல்கிறார். வெளியே அனுப்பப்பட்டவள் ஒருத்தி, வந்தவள் வேறொருத்தி என்றுதான் சொல்கிறார். அந்த இடத்தில் மட்டும் நிறுத்தித் தண்ணீர் குடிக்கிறாராம்.

இத்தனை நாடு சுற்றியவர், பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்ச் சேருகிற மைத்துனன் ஊருக்கு ஒரு தடவை போனதில்லை.

போனவர் மேற்பார்வையாளர். ஒண்டிக்கட்டை மனுஷன். வெளியே போனதும் உள்ளே வந்ததும் ஒரே பெண்தான், அவள் இன்னார் வீட்டுக்காரி என்று தொழிற்சாலை வாட்ச்மேன் சொன்னதும், மன்னிப்புக் கேட்க அந்த வார லீவு நாளிலேயே கிளம்பிவிட்டார். அடுத்த லீவு நாளிலும் போனார். மன்னிப்பு ஒரு தடவை கேட்டால் போதாதா என்று நாங்கள்கூடப் பேசிக்கொண்டோம்.

விவாகரத்து ஆன மறு வருஷம் அவளைக் கல்யாணம் செய்துகொண்டு, வேலையை விட்டுவிட்டு, அந்த ஊரோடு போய்விட்டார்.