பதிலுக்கு ஒரு பொருள்

திருடன் வீட்டுக்குள்ளேயேதான் இருக்கிறான் என்ற சந்தேகம் ஸ்டோர்கீப்பருக்கு வந்தது, முகச்சவர பிரஷ்ஷைக் காணாத அன்று.

அதற்கு முன்பே கோடு போட்ட சட்டை போயிருந்தது. ஓடாத கைக்கடிகாரம் போயிருந்தது. வேலையில் சேர்ந்த புதிதில் கட்டிய டையும் போயிருந்தது. எல்லாவற்றையும் மறதிக் கணக்கில் எழுதிவிட்டார். பிரஷ் விஷயம் அப்படியில்லை. முடியெல்லாம் கொட்டி அது மொட்டையாகிப் பல வருஷம் ஆகியிருந்தாலும், இருக்கிற இடத்தில் இருந்தாக வேண்டும்.

தொழிற்சாலையில் அவர் பொறுப்பில் இருக்கும் ஸ்டோருக்கு ஒரே சட்டம்தான். பழசைக் கொடுத்தால்தான் புதுசு. கையுறை வேண்டுமா, கிழிந்த கையுறையைக் கொண்டு வா. பென்சில் வேண்டுமா, விரலில் பிடிக்க முடியாத துண்டைக் காட்டு. ஒருமுறை மேனேஜரே ஃபியூஸ் போன பல்பைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். அந்தக் கதையைச் சொல்லும்போது ஸ்டோர்கீப்பர் இன்றைக்கும் கொஞ்சம் உயரமாகிவிடுவார்.

அப்படிப்பட்டவர் வீட்டிலேயே சரக்கு காணாமல் போனால் சும்மா விடுவாரா?

தேடிய தேடலில் பிரஷ், மனைவியின் துணிப்பையில் அகப்பட்டது. மேலெல்லாம் நீல வண்ணம். கூடவே பசை டப்பா, கத்தரிக்கோல், பித்தான்கள். கோடு போட்ட சட்டை இப்போது வெறும் கோடுகளாக இருந்தது.

மனைவி சனிக்கிழமைதோறும் ஓவிய வகுப்புக்குப் போகிறாள். மகள்தான் சேர்த்துவிட்டாள். மிக்ஸ்டு மீடியாவாம். வீட்டில் இருக்கிற துணி, காகிதம், கம்பி என்று எதையாவது அட்டையில் ஒட்டி, அதற்கு மேல் வண்ணம் தீட்ட வேண்டுமாம். போனால் போகிறாள் என்று அவரும் பெருந்தன்மையாக விட்டிருந்தார். என்ன வரைகிறாய் என்று கேட்கிற அளவுக்கு அந்தப் பெருந்தன்மை வளரவில்லை.

வகுப்புக்குப் போய் வந்த நாட்களில் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே பாடுவது மட்டும் அவர் காதில் விழுந்துதான் இருந்தது.

பையை மேஜைமேல் கொட்டி விசாரணையை ஆரம்பித்தார்.

"அந்தச் சட்டைக்குள்ள நீங்க நுழைஞ்சே ரொம்ப நாளாச்சேப்பா" என்றாள் மகள்.

"நுழையறதும் நுழையாததும் என் இஷ்டம்" என்றவர், மனைவி பக்கம் திரும்பினார். "என்னோடது, உன்னோடதுன்னு இந்த வீட்டுல நான் என்னிக்காவது பிரிச்சுப் பார்த்திருக்கேனா? நீ மட்டும் எப்படிப் பார்த்துப் பார்த்து என்னோடதா எடுத்திருக்க?"

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

அது அவருக்கு உற்சாகத்தைக் கொடுத்தது. ஸ்டோர் சட்டத்தை அப்போதே வீட்டுக்கும் அமல்படுத்தினார். அவருடையது ஒன்று போனால் அவளுடையது ஒன்று அந்த இடத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் வகுப்புக்கு இன்றோடு முழுக்கு.

முழுக்கு என்றதும் அவள் முகம் வாடிவிட்டது. நகத்தில் ஒட்டியிருந்த நீலத்தைத் தேய்த்துக்கொண்டே, "நீங்களே பார்த்து எடுத்துக்குங்க" என்றாள்.

ஸ்டோர்கீப்பர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

முதலில் அலமாரி. மேல் தட்டு அவருடைய சட்டைகள். அடுத்தது அவருடைய கோப்புகள். அதற்கடுத்தது மகளுடையது. கீழ்த்தட்டுதான் அவளுடையது என்று ஆசையாகக் குனிந்தார். போர்வைகளும் விருந்தாளிகளுக்கான துண்டுகளும் இருந்தன. ஒரு மூலையில் அவள் மாற்றி மாற்றி உடுத்துகிற துணிகள். உடுத்துகிறதைப் பிடுங்குகிற அளவுக்கு அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. அடியில் ஒரு ஸ்வெட்டர் கிடைத்தது. வெற்றியோடு உதறிப் பார்த்தார். அவருடைய பழைய ஸ்வெட்டர், கை மட்டும் குறைத்துத் தைத்திருந்தது.

செல்போன், மகள் வேண்டாம் என்று தள்ளியது. மூக்குக்கண்ணாடியின் ஃபிரேம், அவரே கழித்துப் போட்டது.

நாற்காலி? சாய்வு நாற்காலி அவருக்கு, சுழல் நாற்காலி மகளுக்கு. அவள் எதில் உட்காருவாள் என்று யோசித்துப் பார்த்தார். உட்கார்ந்து பார்த்த ஞாபகம் வரவில்லை.

சமையலறைக்குள் நுழைந்ததும் தெம்பு வந்தது. அந்த ராஜ்ஜியமே அவளுடையதுதானே. பெரிய கரண்டியைக் கையில் எடுத்தார்.

"அதை எடுத்துட்டா மத்தியானச் சாப்பாடு யாருக்கு நஷ்டம்னு பார்த்துக்குங்க" என்றாள் பின்னாலேயே வந்த மகள்.

கரண்டி ஆணிக்குத் திரும்பிப் போனது.

கடைசியாகக் கப் வரிசை. பெயர் எழுதியது அவருடையது. பூனை போட்டது மகளுடையது. மனைவியுடையது எது என்று மகளைக் கேட்டார். நம்ம ரெண்டு பேருக்கும் போக மிச்சம் எது இருக்கோ அதுல குடிப்பாங்க என்றாள் அவள்.

ஸ்டோர்கீப்பர் வெறுங்கையோடு கூடத்துக்குத் திரும்பினார். இத்தனை வருஷ சர்வீஸில் அவர் இப்படித் திரும்பியதில்லை. மனைவி, கொட்டிக் கிடந்த பித்தான்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"உன்னோடதுன்னு ஒண்ணுகூடக் கண்ணுல படலையே. எல்லாத்தையும் எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

அவள் நிமிரவில்லை. மொட்டை பிரஷ்ஷைத் துடைத்து, பழையபடி அது இருந்த இடத்தில் வைப்பதற்காக அவர் கையில் கொடுத்தாள்.

"முதல் நாள் வகுப்புல, உங்களுக்கே உங்களுக்குன்னு வீட்டுல இருக்கிற பொருளாப் பார்த்து எடுத்துட்டு வாங்கன்னுதாங்க சொன்னாங்க. நானும் இப்படித்தான் ஒரு வாரம் தேடினேன்."