பந்து உங்கள் பக்கம்

கையெழுத்து அதேதான். கோழி கிளறியது போன்ற அந்தக் கோணல் எழுத்தை ஞானசேகரன் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்லிவிடுவார். ஆனால், ஆட்டம் வேறு யாரோ ஆடியது!

கடலூர் பஸ்ஸில் உட்கார்ந்து அந்த அஞ்சலட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செஸ்ஸில் நேராக மட்டுமே போகக்கூடிய யானையை, எழுதிய ஆசாமி குறுக்கே நகர்த்தியிருக்கிறார். அதற்கு முந்தைய அட்டையில் ராணியை ஒரு சிப்பாயிடம் பறிகொடுத்திருந்தார்.

2004-இல் ஒரு பத்திரிகை விளம்பரத்தில் பிடித்த சிநேகம். சிதம்பரத்திலிருந்து இவர் ஓர் அட்டையில் ஒரு காயை நகர்த்துவார். கடலூரிலிருந்து தேவநாதன் அடுத்ததை நகர்த்துவார். ஏழு வருஷமாகத் தபாலிலேயே செஸ். ரிடையரான பிறகு அட்டை வரும் நாள்தான் ஞானசேகரனுக்கு நாள்.

நேரில் வரட்டுமா என்று கேட்டால் மட்டும், 'வேண்டாம் சார், முகத்தைப் பார்த்தால் இரக்கம் வந்துவிடும்' என்று பதில் வரும்.

ஒவ்வோர் அட்டையும் 'பந்து உங்கள் பக்கம்' என்றுதான் முடியும். முப்பது வருஷம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவருக்கு அதன் பூர்வீகம் தெரியாதா? டென்னிஸில் பந்து நம் பக்கம் வந்துவிட்டால் திருப்பி அடிக்க வேண்டியது நாம்தான். இனி உன் பொறுப்பு என்று சொல்ல, வெள்ளைக்காரன் அதிலிருந்து எடுத்துக்கொண்ட வழக்கு. செஸ்ஸுக்குள் டென்னிஸை நுழைத்த அந்தக் குறும்பு இவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

ரெண்டு மாசமாக அந்த வரியையும் காணோம்.

தேவநாதன் சலித்துப்போய்ப் பேரன் எவனிடமோ பலகையைத் தள்ளிவிட்டிருக்க வேண்டும். அவன் சொல்லச் சொல்ல அவர் எழுதிப் போடுகிறார். நினைக்க நினைக்க ஞானசேகரனுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. இன்றோடு ஆட்டத்துக்கு முழுக்குப் போட்டுவிடுவது என்று ஏழு வருஷத்து அட்டைகளையும் மஞ்சள் பையில் கட்டி எடுத்து வந்திருந்தார்.

கடலூரில் இறங்கி, செம்மண்டலத்தில் வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டினார். தோளில் துண்டோடு வந்து திறந்தவர், பேரைக் கேட்டதும் தடுமாறிப்போனார்.

"சாரா! வாங்க, வாங்க. ஒரு லெட்டர் போட்டிருக்கலாமே..."

'போட்டிருந்தால் பேரனை ஒளித்து வைத்திருப்பாய்' என்று நினைத்தபடி ஞானசேகரன் உள்ளே கண்ணை ஓட்டினார். ஆள் அரவமில்லை. சுவரில், கையில் டென்னிஸ் மட்டையோடு ஒரு பெண்ணின் பழைய போட்டோ. அதன் கீழே சின்ன பல்பு எரிந்துகொண்டிருந்தது. மேஜையில் செஸ் பலகை.

தேவநாதன் தானே டீ போட்டு எடுத்து வந்தார். சர்க்கரை போட மறந்திருந்தார்.

"நீங்க டென்னிஸ் ஆடுவீங்களா?"

"ஐயோ, கரண்டு கம்பம் ஏறுன ஆளு சார் நான். மட்டையைத் தொட்டதுகூட இல்லீங்க."

இதில் வேறு ஆள் கை இருக்கிறது என்ற சந்தேகம் கெட்டிப்பட்டது. ஞானசேகரன் பையை மேஜைமேல் பொத்தென்று வைத்தார்.

"ஆட இஷ்டமில்லேன்னா நேரா சொல்லியிருக்கலாமே! வேற ஆளை விட்டு ஆடி என்னை ஏன் கேவலப்படுத்துறீங்க?"

"நிறுத்த மனசு வரலீங்க." தேவநாதன் பையிலிருந்த அட்டைகளைத் தடவினார். "கார்டு வர்றது நின்னுடுமோன்னு பயந்துட்டேன்."

"அப்ப உண்மையைச் சொல்லுங்க. ரெண்டு மாசமா ஆடுறது யாரு?"

தேவநாதன் எழுந்து போனார். தோளில் கிடந்த துண்டால் அந்தப் போட்டோவின் கண்ணாடியைத் துடைத்தார்.

"இத்தினி வருசமா என் சம்சாரம் லோகநாயகி சொல்லுவா, நான் எழுதுவேன். இந்த ரெண்டு மாசமாத்தான் சார், நானே ஆடுறேன்."