விளக்கை அணைத்த பிறகு

சூடேறினால் முகம் பார்க்கும் கண்ணாடியாய் மின்னி, ஆறினால் மங்கிவிடும் மெல்லிய படலம் அது. அதன்மேல் நூறு பங்கு ஒளி விழுந்தால் நூற்று நான்கு பங்கு திரும்பி வந்தது. ஆய்வகத் தலைவர் இளம் ஆய்வாளரான அவளுடைய மூன்று மாத அறிக்கையை மேசையில் விட்டெறிந்தார்.

"விளக்கை அணைச்சு, வெளிய இருந்து வர்ற வெளிச்சத்தை அளந்து கழிக்க மறந்துட்டியா? கத்துக்குட்டிகூட இப்படிப் பண்ணாது!"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எட்டுத் தடவை அளந்தேன் சார். விளக்கை அணைச்சா, படலம் இல்லாதப்ப ஜீரோ. வந்து உங்க கண்ணாலயே பாருங்க!"

படலத்தை ஒளி அளக்கும் கருவிக்குள் வைத்து மூடினாள். அதன் விளக்கை அணைத்து, எண் தெரியும் திரையைக் காட்டினாள். "படிங்க."

"நாலு," என்றார் அவர். "எங்கயோ வெளிச்சம் கசியுது."

"கசியுதா?" பல்பையே துணியால் பிடித்துக் கழற்றி அவர் கையில் திணித்தாள். அறை விளக்குகளையும் அணைத்தாள். "கசிஞ்சிருந்தா இப்பக் குறையணும். சொல்லுங்க."

இருட்டில் அவர் குரல் இறங்கியிருந்தது.

"அஞ்சு."