ஐ.நா. சபையின் முதல் வெற்றி

"ஜெயிச்சுட்டேன்! என் வாழ்க்கையிலேயே முதல் தடவையா எங்கப்பாவை ஜெயிச்சுட்டேன்!"

கைப்பேசியைக் கட்டிலில் வீசிவிட்டு அவன் போட்ட கூச்சலில், மேல் கட்டிலில் அசந்து தூங்கிய டிரைவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். வெளிநாட்டுக்குப் பிழைக்க வந்த ஆறு பேர் தங்கும் அறை அது. ஏ.சி. மெக்கானிக்கான அவனுக்கு அங்கே 'ஐ.நா. சபை' என்று பெயர். ஒரு ஏ.சி.யைக் கழற்றி மாட்டுவதற்குள் மூன்று நாட்டுச் சண்டையைத் தீர்த்துவைத்துவிடுவான்.

ஊரில் இருக்கும் அப்பா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். இவன் எதைச் சொன்னாலும் அவர் எதிர்க்கட்சி. வாராவாரம் விடுமுறை நாளில் இருவரும் ஸ்பீக்கரில் மோதிக்கொள்வதைக் கேட்க அறையில் கூட்டமே சேரும்.

"இங்கத்து காசு ஏறியிருக்குப்பா" என்பான்.

"அது ஏறலடா, நம்ம காசு தேஞ்சுபோச்சு. நீ கூடுதலா அனுப்புறதைக் கடைக்காரன் கூடுதலா வாங்கிக்கிறான், அவ்வளவுதான்" என்பார்.

செய்தியில் அடிபடும் போர் ஒரே மாதத்தில் முடிந்துவிடும் என்று இவன் சொன்னால் போச்சு. "முதல் உலகப் போருக்கும் இலை உதிர்றதுக்குள்ள திரும்பிடலாம்னுதான்டா கிளம்பினாங்க. நாலு வருஷம் இழுத்துச்சு!" டிக்கெட் கிழிக்கிற வேகத்தில் பதில் வந்து விழும்.

இன்னும் இரண்டே மாதம். ஒப்பந்தம் முடிந்தால்தான் கம்பெனி பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்கும். ஊருக்குப் போய் அப்பாவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு கை பார்க்க வேண்டும். அவனுக்கு வேறு ஆசையே இல்லை.

"அப்படி என்னதான் சொன்னாரு?" கொட்டாவி விட்டபடி டிரைவர் கேட்டார்.

"சளி பிடிச்சிருக்கு, ஸ்பீக்கர் வேணாம்னாரு. போர் அடுத்த மாசம் முடிஞ்சிடும்னேன். 'ஆமாண்டா'ன்னாரு. நம்ம காசு நிமிர்ந்துடும்னேன். 'நீ சொன்னா சரிதான்டா'ன்னாரு!"

"வயசாச்சுல்ல, விட்டுக்கொடுத்திருப்பாரு. சளி சீக்கிரம் சரியாகட்டும்பா. கணீர்னு என்ன குரல் அது!"

"எனக்கு அது வரலண்ணே, தம்பிக்குத்தான் அப்படியே வந்திருக்கு. அவன் போனை எடுத்தா அப்பாவோட சிநேகிதங்களே ஏமாந்துடுவாங்க."

சிரித்துக்கொண்டே டீ போட எழுந்தவன், கெட்டிலைப் பிடித்தபடி அப்படியே நின்றான். போன வாரம் மூன்று நாள் வீட்டில் யாருமே போனை எடுக்கவில்லை. லைன் கோளாறு என்று பிறகு சொன்னார்கள். அவனும் நம்பினான்.

தண்ணீர் கொதித்து அடங்கிவிட்டது. டிரைவர் கூப்பிட்டது அவன் காதில் விழவில்லை. மறுபடியும் வீட்டுக்கு அழைத்தான்.

"சொல்லுடா" என்றது அதே குரல்.

"அப்பா… முதல் உலகப் போர் ஒரே மாசத்துல முடிஞ்சுதுல்ல?"

அந்தக் குரல் ஒரு முறை செருமியது. பிறகு மெதுவாக, "நீ சொன்னா சரிதான்டா."

கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். கண்ணீர் தன் பாட்டுக்கு இறங்கியது.

"தம்பி… அப்பா எப்படா போனாரு?"